அக்காவின் பெயரில் ஏழு வருஷம்

நமிலோலா கிராமத்துக்கு நான் முதன்முதலாகப் போனது பசி வருஷத்தில். இரண்டாயிரத்து இரண்டு, மார்ச் மாதம். ஜனங்கள் மக்காச்சோளத் தவிட்டைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் வாழைக் கிழங்கைத் தோண்டி வேகவைத்தார்கள். முலாஞ்சே மலையிலிருந்து இறங்கிய மூடுபனியில் எங்கள் வண்டி ஊருக்குள் நுழைந்தபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

பலோம்பே நகரத்தில் ஒரு குழந்தை ஆதரவு அலுவலகத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இங்கே ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வார். அந்த வீட்டுக்கு மாதாமாதம் சோளமும் பருப்பும் போகும். குழந்தைக்குச் சீருடை, நோட்டு, மருத்துவமனை அட்டை. பதிலுக்குக் குழந்தை எழுதும் கடிதமும் வருஷத்துக்கு ஒரு புகைப்படமும் அங்கே போகும். குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதும் கடிதங்களை மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு. என் பெயர் ரோடா. கிராமங்களில் என்னை ஆபீஸம்மா என்பார்கள்.

வைசன் வீட்டு வாசலில் இரண்டு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் அலினாஃபே, எட்டு வயது. சின்னவள் எஸ்னாத், ஆறு. அப்பா போய் ஒரு வருஷத்தில் அம்மாவும் போய்விட்டாள். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாளில் எல்லா வீட்டிலும் அதே நோய்தான். எங்கள் பக்கம் தாய்மாமன்தான் அக்கா பிள்ளைகளுக்குப் பொறுப்பு. இவர்களின் மாமன் வைசனுக்கு அப்போது முப்பதுகூட இருக்காது. கல்யாணம் ஆகவில்லை. சைக்கிளின் பின்சீட்டில் ஆட்களை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய் விடுகிற பிழைப்பு.

"வாங்க ஆபீஸம்மா. என்னையும் சேர்த்து எழுதிக்கோங்க. நானும் அப்பன் ஆத்தா இல்லாதவன்தான்" என்றான்.

"உனக்கு மீசை இருக்கே."

"அதை வேணா செரைச்சிடறேன்."

எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு அவன் அப்படிப் பேசியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து நான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு குழந்தை, அதுதான் விதி.

"எதை எடுத்துக்கணும்னு நீயே சொல்லு வைசன்."

"ரெண்டும் வயிறுதானம்மா. என்னை ஏன் கேக்கறீங்க?"

பள்ளிக்கூட வயசு என்று நான் அலினாஃபேயைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் கவுன் வாங்கிப் போட்டுப் படம் எடுத்தோம். சின்னவள் தன்னையும் எடுக்கச் சொல்லி அழுதாள். படத்தில் விழாதபடி வைசன் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான்.

ஸ்காட்லாந்தில் இஸோபெல் என்ற அம்மாள் அலினாஃபேயை ஏற்றுக்கொண்டாள். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சமையல்காரி. கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. பிள்ளைகள் சாப்பிடாமல் ஒதுக்கும் கேரட்டைப் பற்றியும், கதவு வரை குவிந்த பனியைப் பற்றியும், ஒற்றைக் கண் பூனையைப் பற்றியும் எழுதுவாள். அலினாஃபேக்கு அப்போது எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கீழே அவள் ஒரு கோழி வரைந்தாள். அதற்கு ஐந்து கால்.

"கோழிக்கு ஏதுடி அஞ்சு காலு?"

"நிக்கிறதுக்கு ரெண்டு, ஓடுறதுக்கு மூணு" என்றாள். இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள். அதை நான் கடிதத்தில் எழுதவில்லை. இடம் இல்லை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் புகைப்படம் எடுக்கப் போனேன். மழையில் அடித்துக்கொண்டு போன பாலத்தைக் கட்டி முடிக்க அவ்வளவு நாளாகியிருந்தது. நடுவில் சோளம் கொண்டுபோனதெல்லாம் லாரிக்காரர்கள்தான். அவர்கள் பெயர் கேட்பார்கள், கைநாட்டு வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

வைசன் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்து என் முன்னால் நிறுத்தினான். பள்ளிச் சீருடை முழங்காலுக்கு வெகு கீழே தொங்கியது.

"அலினாஃபே வந்திருக்கா. படம் எடுத்துக்கோங்க" என்றான். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"சின்னவ எங்க வைசன்?"

"சின்னவ இல்லம்மா."

"இல்லைன்னா?"

"பிப்ரவரியில காய்ச்சல். தலைக்கு ஏறிடுச்சு." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சின்னவதான் போனா. பெரியவ இருக்கா. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

ஊரில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் தன் செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்ட குழந்தை இறந்தால் கோப்பை மூட வேண்டும். அந்த இடம் வேறு ஊரில் வரிசையில் நிற்கும் வேறொரு குழந்தைக்குப் போகும். இந்த வீட்டுக்குச் சோளம் நின்றுவிடும். ஆறு வயதில் படத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டவள், ஏழு வயதில் என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் பசிக்கும்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் மாமனைப் பார்த்தாள். "அலினாஃபே" என்றாள்.

நான் படம் எடுத்தேன். குழந்தைகள் ஒரு வருஷத்தில் மாறிப்போவார்கள், அலுவலகத்தில் யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். அப்படித்தான் ஆயிற்று. இஸோபெல் அம்மாளும் நம்பினாள். 'நீ மெலிந்துவிட்டாய், நன்றாகச் சாப்பிடு' என்று எழுதி, ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினாள்.

அன்று நான் செய்தது சரியென்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் உயிரோடு இருந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்றைப் பார்த்தேன். அவளை யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டாள். ஒரு கணம் பொறுத்துத்தான் திரும்புவாள். அந்தப் பெயருக்கு அவளைப் பழக்க, வைசன் வீட்டுக்குள்ளும் அப்படியே கூப்பிட்டான். எஸ்னாத் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. விளையாட்டில் வாய் தவறிச் சொன்ன பிள்ளைகள் ஊரில் அடி வாங்கினார்கள்.

இறந்துபோன அலினாஃபேக்காக யாராலும் அழவும் முடியவில்லை. எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்து வருஷம் திரும்பியதும் உறவெல்லாம் கூடும். கல்லறை மேட்டைச் செப்பனிட்டு, பெயர் எழுதிய சிலுவை நட்டு, நிசிமா என்கிற சோளக்களியும் கறியும் ஆக்கி எல்லோருக்கும் போட்டு, போனவரை முறையாக அனுப்பி வைப்போம். அலினாஃபேக்கு அது நடக்கவில்லை. காகிதத்தில் உயிரோடு இருக்கிறவளுக்கு எப்படிச் சிலுவை நடுவது? மயானத் தோப்பில் அவள் மேடு பெயரில்லாமல் கிடந்தது. எஸ்னாத் பள்ளிக்கூடம் போகும் வழி அந்தத் தோப்பை ஒட்டித்தான். அந்த இடத்தில் மட்டும் ஓடிக் கடப்பாள் என்று அவள் ஆசிரியர் சொன்னார். பயம் என்று அவர் நினைத்தார்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒருநாள், கடிதம் எழுதி முடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் மெதுவாகக் கேட்டேன், "உன் நிஜப் பேர் ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பேரு?" என்றாள்.

கேட்ட விதத்தில் திமிர் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பது போலத்தான் இருந்தது. அதன்பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

இஸோபெல் அம்மாள் இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்தாள், அந்தக் கோழிக்கு ஏன் ஐந்து கால் என்று. இரண்டு தடவையும் நான் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பத்து ஜூலையில் இஸோபெல் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். எழுபது வயதை நெருங்கிய உடம்பு, இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. முதல் விமானப் பயணமாம். பலோம்பேயிலிருந்து போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இங்க வர்ற ஒரே வெள்ளைக்கார அம்மா நீங்கதானே" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல மனுஷி என்று தோன்றியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சிபெரோனி என்கிற குளிர்காலத் தூறல் விடாமல் பெய்தது. ஊர் திரண்டிருந்தது. பெண்கள் பாடினார்கள். வைசனுக்கு இப்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு கோட்டு வாங்கிப் போட்டிருந்தான்.

"அழகா இருக்கே வைசன். யாரோட கோட்டு?"

"பாதிரியாரோடது. பொத்தான் போட்டா கிழிஞ்சிடும்னு சொல்லிக் குடுத்தாரு. அதான் மூச்சை இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கறேன்."

எஸ்னாத்துக்குப் பதினான்கு வயது. காகிதத்தில் பதினாறு. எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறி, உயர்நிலைப் பள்ளியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இஸோபெல் அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. வீட்டுக்குள் பாய் விரித்து, அந்த அம்மாளுக்கு மட்டும் நாற்காலி போட்டு, நான்கு பேரும் உட்கார்ந்தோம். துவரைக் குழம்பும் கோழியும் நிசிமாவும் வந்தன. இஸோபெல் அம்மாள் கையாலேயே சாப்பிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் நைந்துபோன முதல் கடிதம்.

"இது எட்டு வருஷமா என் சமையலறைச் சுவத்துல இருந்தது. நேர்ல கேக்கணும்னே கொண்டுவந்தேன். ஏன்மா இந்தக் கோழிக்கு அஞ்சு காலு?"

நான் மொழிபெயர்த்தேன். எஸ்னாத் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்க்கிறாள். விரல் அந்தக் கோழியின் மேல் நின்றது. பிறகு எங்கள் மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இது நான் போட்டதில்லைன்னு சொல்லுங்க."

வைசன் சாப்பிடுவதை நிறுத்தினான். நான் இஸோபெல் அம்மாள் பக்கம் திரும்பினேன். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு.

"நிக்கிறதுக்கு ரெண்டு காலு, ஓடுறதுக்கு மூணு காலுன்னு சொல்றா" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

இஸோபெல் அம்மாள் கைதட்டிச் சிரித்தாள். எஸ்னாத் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கொடுத்த புத்தகங்களில் படித்து அவளுக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும் அளவுக்கு வந்துவிட்டது என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அக்கா அப்படியா சொன்னா?" என்று என்னைக் கேட்டாள். "உங்ககிட்டயா சொன்னா? ஏன் எங்கிட்ட இத்தனை நாளா சொல்லல?"

அவள் எழுந்து மண்டியிட்டு, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக இஸோபெல் அம்மாளிடம் சொன்னாள்:

"இதை நான் சொல்லல. என் அக்கா சொன்னா. அலினாஃபே என் அக்கா. அவ செத்துட்டா. என் பேர் எஸ்னாத்."

வெளியே பெண்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். இஸோபெல் அம்மாள் என் பக்கம் திரும்பினாள். தவறாகக் கேட்டுவிட்டோமோ, இவள் திருத்திச் சொல்வாளோ என்று பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்போ?" என்றாள்.

"ரெண்டாயிரத்து மூணு, பிப்ரவரி" என்றேன்.

"அப்போ ஸ்வெட்டர்?"

"எனக்குத்தான் வந்துச்சு" என்றாள் எஸ்னாத். "கை நீளமா இருந்துச்சு. அக்காவுக்குச் சரியா இருந்திருக்கும்."

அந்த அம்மாள் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து, தூறலில் நனைந்துகொண்டே வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் போனேன். கண்ணாடியை இறக்கி அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த முதல் வருஷம் நான் எழுதினதையெல்லாம் அவ கேட்டாளா? பூனையைப் பத்தி?"

"கேட்டா. பூனைக்கு இன்னொரு கண்ணு எங்கன்னு கேட்டா."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். திரும்பும் வழியில் என் கையைப் பிடிக்கவில்லை. மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும். என் வேலை போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நமிலோலாவில் மற்ற வீடுகளுக்கும் ஆறு மாதம் சோளத்தை நிறுத்தி வைத்துக் கோப்புகளைச் சோதித்தார்கள், அதுதான் என்னைத் தின்றது. ஊர் எஸ்னாத்தோடு பேசுவதை நிறுத்தியது. கிணற்றடியில் பெண்கள், "வாடி ரெண்டு பேர்க்காரி, எந்தப் பேருக்குத் தண்ணி எடுக்க வந்தே?" என்று கேட்டார்களாம். வைசன் அவளை அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, பல நாள் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

செப்டம்பரில் நான் அவர்களைப் பார்க்கப் போனேன், அலுவலக வண்டி இல்லாமல், நடந்து. வைசன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, இப்ப ஆபீஸும் இல்ல, அம்மா மட்டும்தானா?" என்றான். சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அவ கேக்கறா. அக்காவுக்குச் சிலுவை நடணும்னு கேக்கறா" என்றான்.

"நீ என்ன சொன்னே?"

"என்கிட்ட ஒரு கோழிதான் இருக்குன்னு சொன்னேன்."

நான் இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை தோப்புக்குப் போனோம். ஊரில் பாதிப் பேர்தான் வந்தார்கள். மேடு தரையோடு தரையாகிக் கிடந்ததால், எது என்று வைசன்தான் காட்ட வேண்டியிருந்தது. ஆண்கள் மண்ணைக் குவித்தார்கள். சிலுவையில் அலினாஃபே என்று எஸ்னாத்தே எழுதினாள். நல்ல கையெழுத்து. அந்தப் பெயரைத்தான் அவள் ஏழு வருஷமாக எழுதிப் பழகியிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன் குடும்பத்தில் மூத்தவர் போனவரைப் பற்றிப் பேச வேண்டும். வைசன் எழுந்தான். முதலில் ஏதோ கிண்டலாகச் சொல்லப் பார்த்தான், வரவில்லை.

"விடிஞ்சதும் சைக்கிள்ல வெச்சுக் கட்டினேன்" என்றான். "இடுப்புத் துணியால என் முதுகோட சேர்த்துக் கட்டினேன். மருத்துவமனை அட்டையை நனையாம சட்டைக்குள்ள வெச்சிருந்தேன். பாலம் வரைக்கும் போனோம். பாலம் இல்ல. சுத்திப் போகலாம்னு திருப்பினேன். 'மாமா, சின்னது தனியா இருக்கு, எழுந்தா அழும், வீட்டுக்குப் போயிடலாம்'னா. சும்மா இருடின்னு அதட்டினேன். அதுக்கப்புறம் சும்மாதான் இருந்தா. ரொம்ப தூரம் மிதிச்சேன். முதுகுல சூடு குறைஞ்சுது. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நெனச்சேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எஸ்னாத் அவனிடம் போகவில்லை. புது மண் மேல் குப்புற விழுந்து, "அக்கா" என்று கத்தினாள். ஏழு வருஷமாக அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. கிணற்றடியில் அவளைக் கேலி செய்த பெண்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நாங்கள் யாரும் அவளை எழுப்பவில்லை. குழம்பு ஆறிப்போயிற்று.

எட்டாம் வகுப்புச் சான்றிதழ் அலினாஃபே பெயரில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு தன் சொந்தப் பெயரில் உயர்நிலைப் பள்ளியில் தொடர முடியாது, அக்கா பெயரில் தொடர அவளுக்கு விருப்பமும் இல்லை. தலைமை ஆசிரியர் ஒரு வழி சொன்னார், வாயை மூடிக்கொண்டு அதே பெயரில் படித்து முடித்துவிடு என்று. அவள் மாட்டேன் என்றாள். சில மாதம் முலாஞ்சே தோட்டத்தில் தேயிலை கிள்ளப் போனாள். ஜனவரியில் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பி, மறுபடி எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இஸோபெல் அம்மாளிடமிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. 'அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல் இருக்கிறது. அவளுக்கு எழுத உட்காருகிறேன், முதல் வரியோடு நின்றுவிடுகிறது' என்று எழுதியிருந்தாள். நான் பதில் போட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பள்ளி திறந்த அன்று எஸ்னாத்தோடு நானும் போனேன். பெயர் சேர்க்க ஒரு பெரியவர் கையெழுத்து வேண்டும், வைசனுக்கு அன்று சந்தை நாள். வகுப்பில் எல்லாம் அவள் தோளுக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள். புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து, "பேரு?" என்றார்.

"எஸ்னாத்."

"வயசு?"

அதற்கு அவள் என்னைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள், மறுபடி எண்ணினாள். பதினான்கு என்று நான்தான் சொன்னேன்.

"நெட்டையா இருக்கே, பின்னால போய் உக்காரு" என்றார் அவர். அவள் பின்வரிசைக்குப் போய், சுவரோரமாக, இரண்டு சின்னப் பெண்களுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள்.